மெத்தைத் துணி முதுகு

எல்வுட் பிராஷருக்கு ஆண்களின் காலுறை நிறத்தின் மேல் பிடித்த பைத்தியம் முப்பது வருஷமாகியும் தெளியவில்லை. அதுவும் உயிரோடிருக்கும் ஆண்களின் காலுறை என்றால்கூடப் பரவாயில்லை. எல்லாரும் செத்து நூறு வருஷத்துக்கு மேல் ஆனவர்கள். ஓஹியோ ஆற்றங்கரை ஊர்களில் 1860லிருந்து 1900 வரை எந்த பேஸ்பால் அணி என்ன சட்டை போட்டது, தொப்பியில் எத்தனை மடிப்பு, இடுப்புவார் என்ன நிறம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். அந்தக் காலத்துப் புகைப்படத்தில் சிவப்பு கறுப்பாக விழும், நீலம் வெளுத்துப் போகும். அதனால் படத்தை நம்பாமல் பழைய பத்திரிகைகளை வரிவரியாகப் படித்துத்தான் முடிவு சொல்வார். தபால் நிலையத்தில் வேலை பார்த்த நாளிலேயே தொடங்கிய பட்டியல், ஓய்வுபெற்ற பிறகு நானூற்றுச் சொச்சம் அணிகளுக்கு வளர்ந்துவிட்டது. அருங்காட்சியகக்காரர்களே பெயர்ச்சீட்டு எழுதுமுன் அவரைக் கேட்பார்கள். அதில் மனுஷனுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. இல்லையென்று நான் சொன்னால் அது பொய்.

மே மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கென்டக்கி அணி ஒன்றின் காலுறைக் கோடு சிவப்பா பழுப்பா என்று தேடிக்கொண்டிருந்தார். சின்சினாட்டியில் கறுப்பின மக்களின் தேவாலயம் ஒன்று அந்தக் காலத்தில் நடத்திய வாரப் பத்திரிகையை யாரோ புண்ணியவான்கள் நிலவறையிலிருந்து எடுத்துத் தூசி தட்டி இணையத்தில் ஏற்றியிருந்தார்கள். அதுவரை அவர் அந்தப் பத்திரிகையைக் கண்ணால் பார்த்ததில்லை. காலுறை கிடைக்கவில்லை. வேறொன்று கிடைத்தது. 1871ஆம் வருஷம், ஆகஸ்ட் மாதத்து இதழ், மூன்றாம் பக்கத்தின் அடியில் இருந்தது.

‘மார்லோ லேண்டிங் ஊரின் மார்னிங் ஸ்டார் சங்கத்து இளைஞர்கள் சென்ற வியாழனன்று புதுச் சீருடையில் இறங்கினார்கள். சாம்பல்நிறக் கம்பளிச் சட்டை, மார்பில் பொத்தான் வைத்துப் பொருத்திய நீலத் துணித்துண்டு, நடுவில் வெள்ளை நட்சத்திரம். துணி போதாமையால் நம் சபைப் பெண்கள் முதுகுப்புறத்தை மட்டும் மெத்தை உறைத் துணியில் தைத்துக் கொடுத்தார்கள். பந்தைத் துரத்தி நம் பிள்ளைகள் திரும்பி ஓடும்போதெல்லாம் வேடிக்கை பார்க்க வந்தவர்களில் சிலர் “மெத்தை ஓடுது பார்” என்று கூவிச் சிரித்தார்கள். ஒன்பதாம் சுற்று முடிந்தபோது சிரிப்பொலி எதுவும் கேட்கவில்லை. நம்மவர் நாற்பத்தொன்று, எதிரணி இருபத்துமூன்று. பந்து பிடித்தவர் எஸ். டால்பர்ட்.’

படித்ததும் முதலில் வந்தது சந்தோஷம். அதை மறைப்பானேன்? முப்பது வருஷத்தில் இப்படி ஒரு வரி அவருக்கு நாலைந்து தடவைதான் கிடைத்திருக்கும். அடுத்த நொடியே அந்தச் சந்தோஷம் போய்விட்டது. ஏனென்றால் அந்தச் சட்டையை அவர் தன் கையால் தொட்டுப் பார்த்திருக்கிறார். தொட்டுப் பார்த்துவிட்டு, ‘இது பேஸ்பால் சட்டை அல்ல’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறார்.

அது நடந்து பன்னிரண்டு வருஷமாகிறது. மார்லோ லேண்டிங்கில் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்து ஓய்வுபெற்ற ஜெனீவா டால்பர்ட் என்ற அம்மாள், ‘எங்கள் வீட்டில் ஒரு பழைய சட்டை இருக்கிறது, வந்து பார்ப்பீர்களா’ என்று கடிதம் போட்டிருந்தார். எல்வுட் போனார். சமையலறை மேஜையில் வெள்ளைத் துணி விரித்து, அதன்மேல் சட்டையை வைத்திருந்தார்கள். நட்சத்திரம், நீலத் துண்டு, எலும்புப் பொத்தான் எல்லாம் இருந்தன. புரட்டிப் பார்த்தால் முதுகு முழுக்க மெத்தை உறைத் துணி, நீலக் கோடு போட்டது.

“எங்கப்பாவோட தாத்தா சைலஸ் போட்டதுங்க. பந்து விளையாடப் போட்டதுன்னு எங்கப்பா சொல்வாரு. அவரு சின்னப் பையனா இருந்தப்ப சைலஸ் தாத்தா மடியில உக்காந்து கேட்ட கதையாம்” என்றார் ஜெனீவா.

எல்வுட் பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் பார்த்தார். எந்தச் சங்கமாவது இப்படி ஒரு முதுகோடு களத்தில் இறங்குமா? சீருடை என்றாலே சங்கத்துக்குப் பெருமை. ஆக, முதுகு கிழிந்து பிற்பாடு யாரோ ஒட்டுப் போட்டிருக்கிறார்கள். முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே நூலில் தைக்கப்பட்டிருந்ததை அவர் பார்க்காமலில்லை. குறிப்பேட்டில் எழுதியும் வைத்தார்: ‘நூல் ஒன்றேபோல் உள்ளது, ஒட்டுப் போட்டவர் பொருத்தமாகத் தேடி எடுத்திருக்கலாம்.’ பாருங்கள், உண்மை தானாக வந்து மடியில் உட்கார்ந்தபோது மனுஷன் அதை எழுப்பி வெளியே அனுப்பியிருக்கிறார். மார்பில் துண்டு வைத்த சட்டையை அந்தக் காலத்துத் தீயணைப்புத் தொண்டர்களும் போட்டார்கள். அந்த ஊரில் 1874இல் கறுப்பின இளைஞர்கள் சேர்ந்து ஏணிகளோடு போய்த் தீயணைக்கும் படை ஒன்று தொடங்கியதாக நகரசபைக் குறிப்பு இருந்தது. கறுப்பினப் பேஸ்பால் சங்கம் என்று அவர் படித்த பத்திரிகைகளில் ஒரு வரிகூட இல்லை. அவர் படித்தது எல்லாம் யாருடைய பத்திரிகைகள் என்ற கேள்வி அன்றைக்கு அவருக்குத் தோன்றவேயில்லை.

ஒரு வாரம் கழித்துக் கடிதம் போனது. ‘இது தீயணைப்புத் தொண்டர் சட்டை. பேஸ்பால் என்ற குடும்பச் செவிவழிச் செய்திக்கு ஆதாரம் எதுவும் இல்லை.’

கடிதத்தோடு போயிருந்தால் பரவாயில்லை. ஜெனீவாவின் ஒரே பிள்ளை லமாருக்கு அப்போது இருபத்துமூன்று வயது. பேரங்காடியில் பெட்டி தூக்கிக்கொண்டு, அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் இருந்த பையன். அந்தக் கடிதத்தைப் படித்தான். கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினான். மூன்றே மாதத்தில் தீயணைப்புத் துறையில் பயிற்சிக்குச் சேர்ந்தான். ‘என் ரத்தத்திலேயே இது இருக்கிறது’ என்று உள்ளூர்ப் பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்தான். பத்து வருஷம் நல்ல பெயர் எடுத்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஜனவரியில், அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் தீப்பிடித்தபோது, ஒரு கிழவரைத் தூக்கி வெளியே விட்டுவிட்டு மறுபடி உள்ளே போனவன் திரும்பி வரவில்லை. அந்தச் சட்டையை மடித்து அவன் நெஞ்சின் மேல் வைத்துத்தான் புதைத்தார்கள்.

வருகிற சனிக்கிழமை தீயணைப்பு நிலையத்தின் முன்சுவரில் பித்தளைப் பலகை திறக்கப் போகிறார்கள். ‘சைலஸ் டால்பர்ட், லமார் டால்பர்ட்: ஒரு குடும்பம், இரு தீயணைப்பு வீரர்கள்.’ அழைப்பிதழ் எல்வுட்டின் குளிர்பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருந்தது. ஜெனீவா தன் கைப்பட எழுதி அனுப்பியது. ‘நீங்கள் அவசியம் வரவேண்டும். உங்களால்தான் இது.’

உங்களால்தான் இது. எல்வுட் அந்த அழைப்பிதழை எடுத்து மேஜை டிராயருக்குள் போட்டார். பிறகு அதையும் செய்திருக்க வேண்டாம் என்று தோன்றித் திரும்ப எடுத்து ஒட்டினார்.

கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கஸ் வான்டர்ஹூஃபுக்குப் போன் போட்டார். கஸ்ஸும் இதே பைத்தியம்தான். இன்டியானாக்காரர், தொப்பிகளில் நிபுணர். இருபது வருஷப் பழக்கம்.

“அடேய், அடேய்!” என்று கத்தினார் கஸ். “மார்புத் துண்டும் நட்சத்திரமுமா? 1871லயா? கறுப்பினச் சங்கத்தோட சட்டை இந்த நாட்டுல ஒண்ணுகூட மிச்சமில்லைன்னு நாம எத்தனை தடவை பேசியிருப்போம்! அது எங்கடா இருக்கு இப்ப?”

“மண்ணுக்குள்ள.”

எல்வுட் முழுக்கதையையும் சொன்னார். 

“பெட்டி நல்ல பெட்டியா?” என்றார் கஸ் மெதுவாக. “இல்ல, கம்பளிதானே... ஈரம் இறங்கலன்னா ரெண்டு வருஷத்துல ஒண்ணும் ஆயிருக்காது.”

“வாயை மூடு, கஸ்.”

“சரி, சரி. வாய் தவறி வந்துடுச்சு, மன்னிச்சுடு.” கஸ் தொண்டையைச் செருமினார். “நான் ஒண்ணு சொல்றேன் கேளு. சனிக்கிழமை ஆகட்டும். அந்தம்மா பலகையைத் திறக்கட்டும், அழ வேண்டியதை அழுது முடிக்கட்டும். அடுத்த வருஷம் நீ பாட்டுக்குப் பத்திரிகைச் செய்தியை மட்டும் பட்டியல்ல சேர்த்துடு. சட்டைன்னு ஒண்ணு இருந்ததே எவனுக்குத் தெரியும்? உனக்கும் எனக்கும்தான்.”

“அந்தம்மாவுக்குத் தெரியும்.”

“அந்தம்மாவுக்குத்தான் நீ சொன்னது தெரியுமே. நிம்மதியா இருக்காங்கல்ல, விட்டுத் தொலையேன்டா. இப்பப் போய் என்னன்னு சொல்லுவே? உங்க பிள்ளை என் தப்பை நம்பித்தான் நெருப்புல இறங்கினான்னா?”

அந்தக் கேள்வியோடுதான் எல்வுட் மறுநாள் வரை கிடந்தார். கஸ் சொன்னதில் நியாயம் இருப்பதுபோலவே இருந்தது, அதுதான் வினை. புதன்கிழமை மத்தியானம், சும்மா இருந்துவிடுவது என்று முடிவே பண்ணிவிட்டார். முடிவு பண்ணின கையோடு பழைய குறிப்பேட்டைப் பரணில் போடலாம் என்று எடுத்தார். ‘நூல் ஒன்றேபோல் உள்ளது’ என்ற தன் கையெழுத்து கண்ணில் பட்டது. குறிப்பேடு பரணுக்குப் போகவில்லை.

வியாழக்கிழமை காரை எடுத்துக்கொண்டு மார்லோ லேண்டிங்குக்குப் போனார்.

ஜெனீவா சமையலறையில் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தார். சனிக்கிழமைக் கூட்டத்துக்கு நாலு பெரிய பாத்திரம் நிறைய உருளைக்கிழங்கு சாலட் செய்யப்போவதாக ஏற்பாடு. எழுபத்தோரு வயது, முட்டிவலி, ஆனால் நாக்குக்கு மட்டும் வயசாகவில்லை.

“வாங்க, சட்டை டாக்டர்! சனிக்கிழமைக்கு இன்னிக்கே வந்துட்டீங்களா? வந்ததுதான் வந்தீங்க, கையைக் கழுவிட்டு ஒரு கத்தியை எடுங்க. சும்மா உக்காந்திருக்கற ஆம்பளையைப் பார்த்தா எனக்கு ஆகாது.”

எல்வுட் கத்தியை எடுக்கவில்லை. பையிலிருந்து காகிதத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

“மிஸ் டால்பர்ட், நான் தப்பா எழுதிக் கொடுத்துட்டேன்.”

“என்னத்தை?”

“அந்தச் சட்டையை. அது தீயணைப்புச் சட்டை இல்ல. உங்கப்பா சொன்னதுதான் சரி.”

ஜெனீவாவின் கை ஒரு நொடி நின்றது. பிறகு அந்தக் கிழங்கைச் சீவி முடித்துத் தண்ணீரில் போட்டுவிட்டுத்தான் நிமிர்ந்தார். “என் கண்ணாடி மாடியில இருக்கு. நீங்களே படிங்க” என்றார்.

எல்வுட் படித்தார்.  ‘மெத்தை ஓடுது பார்’ என்ற இடம் வந்ததும் ஜெனீவா வாய்விட்டுச் சிரித்தார். “மெத்தையாமில்ல! போக்கிரிப் பசங்க!” என்று தொடையில் தட்டிக்கொண்டார். நாற்பத்தொன்றுக்கு இருபத்துமூன்று என்றதும், “அப்படிப் போடு!” என்றார். கடைசி வரி வந்தது. பந்து பிடித்தவர் எஸ். டால்பர்ட். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

“இன்னொரு தடவை படிங்க. அந்தப் பேரை மட்டும்.”

படித்தார்.

 குழாயில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஜெனீவா எழுந்து போய் அதை இறுக்கி மூடிவிட்டு வந்தார்.

“நீங்க கடிதம் போட்டீங்களே, அன்னிக்கு எங்கப்பா உயிரோட இருந்தாரு. தொண்ணூத்தி ரெண்டு வயசு. அந்த உள்ரூம்ல படுக்கையில இருந்தாரு. நான் போய் உரக்கப் படிச்சுக் காட்டினேன். முடிச்சதும், ‘இல்லம்மா, அது பந்தாட்டச் சட்டைதான், தாத்தா எனக்கு எங்க நின்னாரு, எப்படிப் பிடிச்சாருன்னு செஞ்சே காமிச்சாரு’ன்னாரு. நான் என்ன சொன்னேன் தெரியுமா?”

எல்வுட் தலையாட்டினார். தெரியாது என்று.

“‘அப்பா, படிச்ச மனுஷன் எழுதியிருக்காரு. உங்களுக்கு வயசாயிடுச்சு, எதையோ எதோடயோ கலந்து பேசறீங்க’ன்னேன். சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துட்டாரு. அதுக்கப்புறம் நாலு மாசம் இருந்தாரு. சைலஸ் தாத்தா பேரையே எடுக்கல. என்கிட்ட ஒரு கதை சொல்லல. பொய்யன்னு பெத்த பொண்ணே சொல்லிட்டாளே!”

“என்னை மன்னிச்சுடுங்க.”

“மன்னிக்கறதா? நான் இன்னும் பாதிக்கே வரல, மிஸ்டர் பிராஷர்.” குரல் உயரவில்லை, அதுதான் பயமாக இருந்தது. “நான் கேக்கப்போறது உங்களுக்கே தெரியும். வரும்போது வழியெல்லாம் அதைத்தானே நினைச்சிட்டு வந்தீங்க?”

“ஆமாம்.”

“அப்ப நீங்களே சொல்லுங்க. இது அன்னிக்கே தெரிஞ்சிருந்தா என் பிள்ளை இருந்திருப்பானா?”

 “தெரியலம்மா” என்றார் எல்வுட். “சத்தியமா தெரியல.”

“எனக்குத் தெரியும். இருந்திருப்பான். தொப்பை போட்டு, பேரங்காடியில மேனேஜரா, ஞாயித்துக்கிழமை எங்கூட வாயாடிக்கிட்டு இருந்திருப்பான்.” ஜெனீவா கத்தியை எடுத்து மேஜையில் கூர்முனை தன் பக்கம் இருக்கும்படி வைத்தார், எதற்கென்று அவருக்கே தெரியாமல். “நாளான்னிக்கு அங்க நின்னு என்ன பேசறது நான்? எங்கப்பா பேச்சைக் காப்பாத்தணும்னா என் பிள்ளை நம்பினதைப் பொய்னு சொல்லணும். பிள்ளை நம்பினதைக் காப்பாத்தணும்னா எங்கப்பாவை ரெண்டாவது தடவையும் பொய்யன் ஆக்கணும். அப்பனா, பிள்ளையா? நல்லா கொண்டாந்து போட்டீங்கய்யா மேஜையில!”

“நீங்க எது சொன்னாலும் நான் அப்படியே செய்யறேன். நானே எல்லார் முன்னாடியும்...”

“நீங்க ஒண்ணும் செய்ய வேணாம். ஏற்கெனவே நிறைய செஞ்சுட்டீங்க. காகிதத்தை வச்சுட்டுக் கிளம்புங்க.” எல்வுட் வாசல் வரைக்கும் வந்த பிறகு முதுகுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. “சனிக்கிழமை வரணும். வராம இருந்துடாதீங்க.”

சனிக்கிழமை நல்ல வெயில். தீயணைப்பு நிலையத்தின் சிவப்பு வண்டிகளைத் தெருவில் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, முன்சுவரைப் பார்த்து வாசலில் நூறு மடக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். எல்வுட் கடைசி வரிசையில் ஓரமாக இடம் பார்த்தார். யாரோ ஒரு அம்மாள் வந்து, “உங்களுக்கு முன்னாடி இடம் வச்சிருக்காங்க” என்று கையைப் பிடித்து இரண்டாம் வரிசைக்கு இழுத்துக்கொண்டு போனார். எதிரே சுவரில் பச்சைத் துணி மூடிய பலகை. நிலையத் தலைவர் ஹாலிஸ் ட்ரீட்வே பேசினார். லமார் தூக்கிவந்த கிழவரின் மகள் பேச எழுந்து, பேச முடியாமல் உட்கார்ந்தாள். பிறகு ஜெனீவாவைக் கூப்பிட்டார்கள்.

கறுப்பு உடையில், கைப்பையோடு, முட்டியைப் பிடித்துக்கொண்டு நடந்து போனார். ஒலிபெருக்கியைத் தன் உயரத்துக்கு இறக்கினார்.

“எல்லாரும் வந்ததுக்கு ரொம்ப நன்றி. துணியை எடுக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன். அதுக்குள்ள எழுதியிருக்கறதுல பாதி தப்பு.”

ட்ரீட்வே திரும்பிப் பார்த்தார். நாற்காலிகள் கிரீச்சிட்டன.

ஜெனீவா கைப்பையிலிருந்து காகிதத்தை எடுத்துப் படித்தார். சாம்பல் சட்டை, நட்சத்திரம், மெத்தைத் துணி முதுகு எல்லாம். யாரும் சிரிக்கவில்லை. ஸ்கோரைச் சொன்னபோது பின்னால் ஒரு கிழவர் மட்டும் “ஆமென்” என்றார்.

“சைலஸ் டால்பர்ட் எந்தத் தீயையும் அணைக்கல. பந்து பிடிச்சாரு. எங்கப்பா ரூஃபஸ் இதை என்கிட்ட சொன்னாரு. நான் நம்பல. அவரு அதை மனசுல வச்சுக்கிட்டே செத்தாரு.” மூச்சை இழுத்துக்கொண்டார். “ரெண்டு ராத்திரியா யோசிச்சேன். லமார்கிட்ட இருந்து இதைப் புடுங்கறேனோன்னு. அப்புறம் யோசிச்சேன், எதைப் புடுங்கறேன்? எங்க வம்சத்துல அவனுக்கு முன்னாடி ஒருத்தரும் நெருப்புக்குள்ள போனதில்ல. எந்தத் தாத்தாவும் வழி காட்டல. ரத்தத்துல இருக்குன்னான், ஒண்ணும் இல்ல. என் பிள்ளைதான் முதல் ஆளு. தானா போனான்.”

கூட்டத்தில் யாரோ கைதட்ட ஆரம்பித்தார்கள். ஜெனீவா கையை உயர்த்தி நிறுத்தினார்.

“தட்டாதீங்க. எனக்கு இது ஆறுதலா இருக்குன்னு நினைக்காதீங்க. அன்னிக்கே உண்மை தெரிஞ்சிருந்தா அவன் இன்னிக்கு இருந்திருப்பான். அதை யாரும் எனக்கு இல்லைன்னு சொல்ல வேணாம்.” கண்ணாடியைக் கழற்றினார். “தப்பா எழுதிக் கொடுத்தவரு இங்கதான் இருக்காரு. அவரே வந்து சொன்னாரு, அதையும் சொல்லிடணும். மிஸ்டர் பிராஷர், எழுந்திருங்க.”

எல்வுட் எழுந்தார். நூறு பேர் திரும்பிப் பார்த்தார்கள். 

“நீங்க ஒரு பட்டியல் வச்சிருக்கீங்க. அதுல மார்னிங் ஸ்டாரைச் சேர்ப்பீங்கல்ல?”

“சேர்ப்பேன்.”

“யார் சொன்னதுன்னு எழுதுவீங்க?”

முப்பது வருஷமாக அவர் எழுதிவந்த வரிசை ஒன்று உண்டு. பத்திரிகையின் பெயர், தேதி, பக்கம். குடும்பத்தார் சொன்னதை அவர் ஒருநாளும் அந்த இடத்தில் எழுதியதில்லை.

“ரூஃபஸ் டால்பர்ட்” என்றார். பின்வரிசைக்குக் கேட்டிருக்காது. ஜெனீவா விடவில்லை.

“உரக்க.”

“ரூஃபஸ் டால்பர்ட் சொன்னதுன்னு எழுதுவேன்!”

ஜெனீவா அவரைப் பார்த்தபடியே நின்றார். அந்த முகத்தில் கோபம் குறைந்ததா என்றால், இல்லை. கொஞ்சமும் இல்லை.

“உக்காருங்க” என்றார்.

பிறகு திரும்பிப் பச்சைத் துணியை இழுத்தார். பித்தளையில் இரண்டு பெயர்களும் வெயில் பட்டுப் பளபளத்தன. கைதட்டுவதா வேண்டாமா என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை.